லாம்டாவுக்குக் கடிவாளம் கம்பைலர் கையில்தான் இருக்க வேண்டும்

டிஸ்கி: இது கம்ப்யூட்டர் பதிவு. எழுதுகிறவன் பி.காம். இரண்டும் எங்கே ஒட்டுகிறது என்று கேட்பவர்கள் நாலு பத்தி பொறுத்துக்கொள்ளவும். கோட் ஒரு வரிகூடப் போடவில்லை, தைரியமாக உள்ளே வரலாம் :-)

2025 மே மாதம், செமஸ்டர் லீவு. செலையூர் பக்கம் கட்டடப் பொருட்கள் விற்கும் மாமாவின் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எம்-சாண்ட், செங்கல், கம்பி, சிமெண்ட். இவ்வளவுதான் சரக்கு. வீடு கட்டுகிறவர்கள் வந்து "எல்லாம் சேத்து எவ்ளோ ஆவும்?" என்பார்கள். மாமா கால்குலேட்டரைத் தட்டி, பழைய பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார். எனக்குக் கை அரித்தது. "மாமா, நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன். அளவைப் போட்டா ஜி.எஸ்.டி.யோட எஸ்டிமேட் வந்துடும்" என்றேன். யூட்யூப் பார்த்துக் கற்றுக்கொண்ட பைத்தான். மூன்று நாளில் முடித்தேன். அத்தை பக்கத்து வீட்டு ஆண்டியிடம் "எங்க வூட்டுப் பையன் சாஃப்ட்வேர் பண்ணிட்டான்" என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது.

அப்போது ஜி.எஸ்.டி.யில் முக்கியமாக நான்கு விகிதங்கள்: 5, 12, 18, 28. மணலுக்கு 5, கம்பிக்கு 18, சிமெண்டுக்கு 28. ஒவ்வொரு விகிதத்துக்கும் வரி கணக்கிட ஒரு குட்டி ஃபங்ஷன் வேண்டும். ஒரே மாதிரியான வேலையை நாலு தடவை எழுதுவானேன்? நான்கு எண்களையும் ஒரு பட்டியலில் போட்டு, லூப் ஓட்டி, உள்ளே ஒவ்வொன்றுக்கும் ஒரு லாம்டா செய்து எடுத்து வைத்துக்கொண்டேன். பெயர் இல்லாத, அந்த இடத்திலேயே எழுதிப் பயன்படுத்தும் ஃபங்ஷனுக்குத்தான் லாம்டா என்று பெயர். பார்க்க அழகாக இருந்தது. ஒரு மூட்டை சிமெண்ட் போட்டுச் சோதித்தேன். 28 சதவீதம் கச்சிதமாக வந்தது. பத்து மூட்டை போட்டேன், அதுவும் சரி. கடை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் வந்து 60,000 ரூபாய்க்கு எம்-சாண்ட் எஸ்டிமேட் கேட்டிருக்கிறார். வரி 3,000 வர வேண்டும். என் புரோகிராம் 16,800 காட்டியது. அவர் ஒன்றும் பேசவில்லையாம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனவர் திரும்ப வரவே இல்லை. கம்பி, சிமெண்ட் உட்பட முழு வீட்டுக்கான சரக்கும் இன்னொரு கடையிலிருந்து இறங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒரு மேஸ்திரி சொல்லித்தான் மாமாவுக்கே காரணம் தெரிந்தது: "மணலுக்கு 28 பர்சன்ட் போடுற கடைன்னு சார் சொல்லிட்டிருக்காரு." மாமா என்னைத் திட்டவில்லை. "கால்குலேட்டர் இப்டி பண்ணாதுடா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

எஸ்டிமேட்டோடு போனதால் தப்பித்தோம். அதே கணக்கில் பில் போட்டுப் பணமும் வாங்கியிருந்தால், வரி என்ற பெயரில் வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 76-ஆம் பிரிவு. பிறகு கிரெடிட் நோட், ரிட்டர்னில் திருத்தம் என்று ஆடிட்டர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

தப்பு எங்கே? கம்ப்யூட்டர் தெரியாத என் வகுப்பு மக்களுக்காக இப்படிச் சொல்கிறேன். கடையில் நான்கு பையன்களிடம் நான்கு சீட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். சீட்டில் விலை எழுதவில்லை. "பலகையில் இருக்கும் விலைக்குப் போடு" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் சீட்டு கொடுக்கும்போது பலகையில் 5. அழித்து 12 எழுதி இரண்டாவது சீட்டு. அழித்து 18. அழித்து 28. நாலு சீட்டும் கொடுத்து முடித்த பிறகுதான் வியாபாரம் தொடங்குகிறது. இப்போது நான்கு பையன்களும் பலகையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான்கு பேருக்கும் 28. பைத்தான் லாம்டா வெளியிலிருக்கும் வேரியபிளின் மதிப்பைப் பிடித்துக்கொள்வதில்லை, வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. லூப் முடிந்த பிறகு அதில் கடைசி எண்தான் மிச்சம். நான் சோதித்த சிமெண்டின் வரி பட்டியலில் கடைசியாக இருந்தது என் கெட்ட நேரம்.

பைத்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எச்சரிக்கைகூட இல்லை. பிழைச்செய்தி, சிவப்பு எழுத்து எதுவும் கிடையாது.

அவமானம் தாங்காமல், பி.சி.ஏ. படிக்கும் தோழி ஒருத்தியின் உதவியோடு அதையே ஜாவாவில் எழுதிப் பார்த்தேன். எண்ணிக்கை வைத்து ஓடும் பழைய பாணி லூப். உள்ளே லாம்டா. கம்பைல் செய்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி ஒரு செய்தி: லாம்டாவுக்குள் எடுத்தாளும் உள்ளூர் வேரியபிள் ஃபைனலாக இருக்க வேண்டும், அல்லது நடைமுறையில் ஃபைனலாக இருக்க வேண்டும். அதாவது, ஒருமுறை மதிப்புக் கொடுத்த பிறகு மாறவே மாறாத வேரியபிளை மட்டும்தான் லாம்டாவுக்குள் கொண்டுபோகலாம். பலகையைக் காட்டிச் சீட்டு எழுதாதே, விலையை எழுது என்கிறது. லூப்புக்குள் புதிதாக ஒரு வேரியபிளில் அந்தச் சுற்றின் விகிதத்தை எடுத்து வைத்து, லாம்டாவுக்குள் அதைப் போட்டேன். கம்பைல் ஆனது. மணலுக்கு 5 வந்தது. பட்டியலின் ஒவ்வொரு உறுப்பாக எடுக்கும் இன்னொரு வகை லூப்பை எழுதியிருந்தால் அது முதல் தடவையே கம்பைல் ஆகியிருக்கும், விடையும் சரியாக வந்திருக்கும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் வேரியபிள் புதுசு. ஒன்று சரியாக ஓடும், இல்லையென்றால் ஓடவே ஓடாது. பைத்தான் எனக்குக் கொடுத்த மூன்றாவது நிலை, அதாவது தப்பாக ஓடிக்கொண்டே இருப்பது, ஜாவாவில் இந்த இடத்தில் கிடையாது.

என் கட்சி இதுதான். லாம்டா எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும். அதைக் கம்பைல் செய்யும் நேரத்திலேயே மொழி அமல்படுத்த வேண்டும். புத்தகத்தில் எழுதி வைப்பது, சீனியர் சொல்லிக் கொடுப்பது, அனுபவத்தில் தெரிந்துகொள்வது எல்லாம் ஒன்றுக்கும் உதவாது.

இதைச் சொன்னவுடன் சிரித்தவர் ஒரு சீனியர் அண்ணன். பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, தாம்பரத்திலிருந்து என்னோடு அதே மின்சார ரயிலில் வருவார். "டேய், நீ பி.காம்.டா. உனக்கு எதுக்கு கம்பைலர் பஞ்சாயத்து? பைத்தான்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நல்ல புரோகிராமர்னா கவனமா இருப்பான்" என்றார். சானடோரியம் முதல் கிண்டி வரை இதே வாதம். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் இங்கே பதில். ரயிலில் கூட்டத்தில் சரியாகப் பேச முடியவில்லை.

முதலில் அந்த "கவனமா இருப்பான்". நம் பிரவுசரில் பூட்டுப் படம் தெரிய வைக்கும் சான்றிதழ்களை இலவசமாகக் கொடுக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இருக்கிறது. இணையப் பாதுகாப்பில் அவர்களை விடக் கவனமானவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2020 பிப்ரவரி 29 அன்று அவர்கள் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். ஒரு விண்ணப்பத்தில் பத்து இணையப் பெயர்கள் இருந்தால், சான்றிதழ் கொடுக்க அனுமதி இருக்கிறதா என்று பத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அவர்கள் மென்பொருளோ சில சமயம் ஒரே பெயரை எடுத்துப் பத்து தடவை சரிபார்த்தது! காரணம், கோ மொழியில் எழுதிய லூப்பில் வேரியபிளின் மதிப்பை எடுக்காமல் அதன் முகவரியை எடுத்து வைத்தது. அதே பலகை, அதே சீட்டு. (கறாராகப் பார்த்தால் அங்கே லாம்டா இல்லை, சுட்டிதான். ஆனால் வியாதி ஒன்றே.) திரும்பப் பெற வேண்டும் என்று அவர்கள் அறிவித்த சான்றிதழ்கள் 30,48,289. நான் ஒரு லோடு மணலில் செய்ததை அவர்கள் முப்பது லட்சத்தில் செய்தார்கள். என்னைக் கவனமில்லாதவன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர்களையுமா?

அடுத்து, "டெஸ்ட் பண்ணியிருக்கணும்". பண்ணினேனே! சிமெண்டை வைத்து. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் அந்தத் தப்பையே செய்திருக்க மாட்டேன். சோதனை என்பது நாம் சந்தேகப்பட்ட இடத்தில் மட்டும் விளக்கடிக்கும். எங்கள் ஆடிட்டிங் பாடத்தில் தடுக்கும் கட்டுப்பாடு, கண்டுபிடிக்கும் கட்டுப்பாடு என்று இரண்டு சொல்லிக் கொடுப்பார்கள். கேஷியர் செக் எழுதுவார், கையெழுத்து இன்னொருவர் போடுவார். இது தடுப்பது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பது கண்டுபிடிப்பது. இரண்டாவது இருக்கிறது, ஆகவே முதலாவது வேண்டாம் என்று பரீட்சையில் எழுதினால் முட்டைதான் கிடைக்கும். அதையே கம்ப்யூட்டர் ஆட்கள் சொன்னால் அதற்கு "நெகிழ்வுத்தன்மை" என்று பெயர்.

டாலியில் வவுச்சர் போட்டவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் டாலி அந்த ஜர்னலைச் சேமிக்கவே விடாது. காகிதக் காலத்தில் வருஷம் முழுக்க எழுதிவிட்டு, இருப்பாய்வு ஒட்டவில்லை என்றதும் வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, ராத்திரி பகலாகத் தேடுவார்கள். டாலி வந்து கணக்கர்களின் சுதந்திரம் போய்விட்டது என்று யாராவது அழுது பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வாத்தியார் ஒருவர் பழைய நாட்களை நினைத்து ஏங்குவார்தான். அவர் ஏங்குவது அந்தக் காலத்துச் சம்பளத்தின் மதிப்பை நினைத்து.

கிண்டியில் இறங்கும்போது அண்ணனிடம் நேரில் காட்டினேன். நாங்கள் வந்த மின்சார ரயிலுக்குத் தாம்பரத்தில் கேட் கிடையாது. யார் வேண்டுமானாலும் ஏறலாம். எப்போதாவது செக்கர் நிற்பார், மாட்டினால் அபராதம். மாட்டாதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அதே கிண்டியில் படியேறி மெட்ரோவுக்குப் போனால் டிக்கெட் இல்லாமல் கேட் திறக்காது. அண்ணன் உடனே மடக்கினார்: "சில நேரம் நல்ல டிக்கெட்டுக்கும் அந்த கேட் திறக்காம நிக்குதுல்ல?" உண்மை. இதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன், ஏனென்றால் அவர் சொன்னதிலேயே உருப்படியானது இது ஒன்றுதான்.

அதற்கு முன் லின்டர் விஷயம். கோடைப் படித்துச் சந்தேகமான இடங்களைச் சுட்டும் துணைக் கருவிகள் பைத்தானுக்கு உண்டு. பைலின்ட்டில் இந்தத் தப்புக்கென்றே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஃபிளேக்-8 பக்பேர், ரஃப் இரண்டிலும் இருக்கிறது. "அதைப் போட்டிருந்தா மாட்டியிருக்கும்" என்றார் அண்ணன். போட்டிருந்தால்! செலையூரில் லீவில் உட்கார்ந்து யூட்யூப் பார்த்து எழுதுகிற பி.காம். பையனுக்கு லின்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதைத் தேடிப் போட்டு, எந்த எச்சரிக்கை எதற்கு என்று படித்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தக் கருவி அவ்வளவாகத் தேவைப்படாது. ஹெல்மெட்டைக் கடையில் விற்கிறார்களே, தலை உடைந்தால் உன் தப்பு என்பது போன்ற பேச்சு.

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம். பைத்தான் லாம்டாவுக்குக் கட்டுப்பாடே போடாத மொழி என்றால்கூடப் போகட்டும் என்று விடலாம். ஆனால் போடுகிறது! லாம்டாவுக்குள் ஒரே ஒரு கோவைதான் எழுதலாம். இரண்டு வரி எழுத முடியாது. லூப் போட முடியாது. திரும்பக் கொடுக்கும் மதிப்பு தானாக வருவதால் அதற்கான கட்டளையைக்கூட எழுத முடியாது. எழுதினால் புரோகிராம் ஓடத் தொடங்கும் முன்பே இலக்கணப் பிழை என்று நிறுத்திவிடும். பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் 2005-இல் லாம்டாவையே பைத்தான் 3-லிருந்து தூக்கிவிடலாம் என்று எழுதினார். எதிர்ப்புக்குப் பிறகு வைத்துக்கொண்டார்கள். பல வரி லாம்டா கேட்டவர்களுக்கு 2006-இல் ஒரு கட்டுரை எழுதி முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன காரணத்தை மதிக்கிறேன், உள்தள்ளலை நம்பி நிற்கும் மொழியில் அது அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் நடந்ததைப் பாருங்கள். பார்க்க அசிங்கமானதைக் கம்பைல் நேரத்தில் தடுத்தார்கள். கணக்கைக் கெடுப்பதைத் திறந்து விட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கறாராக நிற்கும் வாட்ச்மேன், டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு லிஃப்ட் பட்டனை அமுக்கிவிடுகிற மாதிரி.

"பைத்தானுக்கு கம்பைல் டைம்னு ஒண்ணு கிடையாதேடா, அது இன்டர்பிரட்டர்" என்று ஒரு குறுக்குக் கேள்வி வரும். தப்பு. பைத்தானும் ஓட்டும் முன் உங்கள் கோடைப் பைட்கோடாக மாற்றுகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கும் லாம்டா வெளியிலிருந்து எந்த வேரியபிளைப் பிடிக்கிறது என்று அந்தக் கட்டத்திலேயே அதற்குத் தெரியும், தெரியாவிட்டால் பைட்கோடே உருவாக்க முடியாது. அந்த நேரத்தில் எச்சரிக்கை கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஒரு எண்ணை "சமமா" என்று ஒப்பிடாமல் "அதே பொருளா" என்று ஒப்பிட்டால், 2019-இல் வந்த பைத்தான் 3.8 முதல் எச்சரிக்கை வருகிறது. ஃபைனலி பகுதிக்குள்ளிருந்து பாதியில் வெளியேறினால், 2025 அக்டோபரில் வந்த 3.14 முதல் எச்சரிக்கை வருகிறது. அதற்கெல்லாம் வாய் இருக்கிறது. லூப் வேரியபிளைப் பிடிக்கும் லாம்டாவைப் பார்த்தால் மட்டும் மௌன விரதம்.

மற்ற மொழிகளின் கதையைப் பார்த்தால் "கவனமா இருங்க" என்ற பல்லவி எவ்வளவு காலம் தாங்கும் என்று தெரியும். சி-ஷார்ப்பில் இதே தொல்லை இருந்தது. அந்தக் கம்பைலர் குழுவிலிருந்த எரிக் லிப்பர்ட் 2009-இல் லூப் வேரியபிளைப் பிடிப்பதன் ஆபத்தைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதினார். 2012-இல் வந்த சி-ஷார்ப் 5-இல், பழைய கோடை உடைக்கக்கூடும் என்று தெரிந்தே, ஃபோர்-ஈச் லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது வேரியபிள் என்று மாற்றினார்கள். ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் வந்த லெட் அதையே செய்தது. கோ மொழி 2009-இல் வெளியானது. லெட்ஸ் என்க்ரிப்ட் அடிபட்டது 2020-இல். பிப்ரவரி 2024-இல் வந்த கோ 1.22-இல்தான் மாற்றினார்கள். எல்லோரும் முதலில் புரோகிராமர் மேல் பழியைப் போட்டார்கள், பல வருஷம் கழித்து மொழியைத் திருத்தினார்கள். சி-ஷார்ப் 9-இல், அதாவது 2020-இல், இன்னொரு படி: லாம்டாவுக்கு முன்னால் ஸ்டாட்டிக் என்று போட்டால் அது சுற்றியிருக்கும் எந்த உள்ளூர் வேரியபிளையும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் கம்பைல் பிழை. நானே என் கையைக் கட்டிக்கொள்ள மொழி எனக்குக் கயிறு கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வசதி இது.

சரி, மெட்ரோ கேட்டுக்கு வருவோம். நல்ல டிக்கெட்டுக்கும் திறக்காத கேட். ஜாவாவின் கட்டுப்பாடு அப்படிப்பட்டதுதான், மறைக்க மாட்டேன். அது 1997-இல் ஜாவா 1.1-இல் பெயரில்லா உள் கிளாஸ்களுக்குப் போட்ட ஃபைனல் விதியின் தொடர்ச்சி. 2014-இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது ஃபைனல் என்று எழுத வேண்டிய கட்டாயத்தை மட்டும் தளர்த்தினார்கள். எத்தனை பில் என்று எண்ண லாம்டாவுக்குள் வெளி வேரியபிளை ஒன்று கூட்டினால்கூட விடாது. அந்த லாம்டா அங்கேயே ஓடி அங்கேயே முடியப்போகிறது, யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனாலும் விடாது. மக்கள் என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு அறை கொண்ட அரே ஒன்றை உருவாக்கி அதற்குள் எண்ணைப் போட்டுக் கூட்டுகிறார்கள். அரே என்ற பெட்டி மாறவில்லை, உள்ளே இருப்பதுதான் மாறுகிறது, ஆகவே கம்பைலர் கேட்டைத் திறந்துவிடுகிறது. கேட்டுக்குக் கீழே குனிந்து போவது மாதிரி. விதியை வளைக்க எல்லோருக்கும் ஒரே வழி மனப்பாடம் ஆகிவிட்டது என்றால் அந்த விதியில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம்.

ஆனால் இதிலிருந்து கேட்டையே பெயர்த்தெடுக்க வேண்டும் என்று ஆகாது. கேட்டுக்குப் புத்தி வேண்டும் என்றுதான் ஆகும். அந்தப் புத்தி ஏற்கெனவே இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழி 2016-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் குளோஷர் அந்த ஃபங்ஷனோடு முடிந்துபோகும் என்றே எடுத்துக்கொள்கிறது. அதை எடுத்து வைத்துப் பிறகு பயன்படுத்தப் போகிறாய் என்றால் எஸ்கேப்பிங் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் கம்பைல் ஆகாது. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்: சீட்டு இப்போதே பயன்படப் போகிறதா, பாக்கெட்டில் போய்ப் பிறகு பயன்படப் போகிறதா? இப்போதே என்றால் பலகையைப் பார்த்துக்கொள்ளட்டும், தப்பில்லை. பிறகு என்றால் விலையை எழுது.

ரஸ்ட் இதில் இன்னும் கில்லாடி. லாம்டாக்களை மூன்று சாதியாகப் பிரிக்கிறது (மன்னிக்கவும், மூன்று வகை): பிடித்ததைப் பார்க்க மட்டும் செய்வது, மாற்றுவது, தின்றே தீர்ப்பது. கடைசி வகையை இரண்டாவது முறை அழைத்தால் கம்பைல் ஆகாது. உள்ளூர் வேரியபிளை இரவல் வாங்கிய லாம்டாவை இன்னொரு திரெட்டுக்கு அனுப்பினால், "நீ திரும்பி வருவதற்குள் இந்த வேரியபிள் செத்துப் போயிருக்கலாம்" என்கிற மாதிரி ஒரு பிழைச்செய்தி வந்து, மூவ் என்று போட்டுப் பார் என்று வழியும் சொல்கிறது. சி பிளஸ் பிளஸ் 2011-இல் கொண்டுவந்த லாம்டாவில் எதைப் பிடிக்கிறாய், மதிப்பாகவா முகவரியாகவா என்று வாசலிலேயே எழுதச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் முகவரி என்று எழுதிவிட்டு அந்த வீடு இடிந்த பிறகு போனால் தடுக்க ஆளில்லை. எழுதச் சொல்வது வேறு, சரிபார்ப்பது வேறு. பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் திருட்டு நின்றுவிடுமா?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இருப்பாய்வு ஒட்டிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். விடுபட்ட பதிவு, தப்பான தலைப்பில் எழுதியது, ஒன்றை ஒன்று ஈடுசெய்யும் தப்புகள் எதையும் அது காட்டாது. அதேபோல, கம்பைல் ஆகிவிட்டால் புரோகிராம் சரி என்று நான் சொல்லவே இல்லை. மணலுக்கு 5 என்பதற்குப் பதில் 50 என்று நானே தட்டியிருந்தால் ரஸ்டும் அமைதியாகத்தான் இருக்கும். அதற்காக, ஒட்டாத இருப்பாய்வோடு ஆடிட்டரிடம் போய் நிற்பீர்களா?

கடைசியாக அண்ணன் சொன்னது: "இப்டி கறாரா இருந்தா புதுசா கத்துக்கிறவன் ஓடிப் போயிடுவான்." இதை எப்போதும் கற்று முடித்தவர்கள்தான் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? நான் புதுசு. ஜாவா கம்பைலர் என்னைத் திட்டியது, பத்து நிமிஷத்தில் திருத்தினேன். யாருக்கும் தெரியாது. பைத்தான் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர் ஒரு மேஸ்திரி, அதுவும் மாமாவிடம், வாடிக்கையாளர் போன பிறகு. எந்தத் திட்டு புதியவனுக்கு நல்லது? அண்ணனின் கம்பெனியில் கோடைப் படித்துப் பார்க்க இரண்டு பேர், சோதிக்க ஒரு தனிக் கூட்டம், லின்டர் எல்லாம் இருக்கிறது. அவருக்குக் கம்பைலர் தளர்வாக இருந்தாலும் தாங்கும். என் மாதிரி ஆட்களுக்கும் அந்த மணல் லோடுக்கும் நடுவில் கம்பைலரைத் தவிர வேறு யாரும் இல்லை.

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. மேலே 40 என்று புதிதாக ஒன்று வந்தது. விகிதங்களை மாற்ற புரோகிராமைத் திறந்தவன், பட்டியலில் 5, 18, 40 என்று தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பைத்தான் கோடாகவே இருந்திருந்தால் மணலில் தொடங்கி சிமெண்ட் வரை எல்லாவற்றுக்கும் 40 போட்டிருக்கும். இந்தத் தடவை கடைசியில் இருக்கும் விகிதத்துக்குக் கடையில் சரக்கே இல்லாததால் சிமெண்டை வைத்துச் சோதித்தாலும் மாட்டியிருக்கும் என்பது வேறு விஷயம். இப்போது கடையில் ஓடுவது ஜாவா. மாமா இன்னும் ஒவ்வொரு எஸ்டிமேட்டையும் கால்குலேட்டரில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிழித்துக் கொடுக்கிறார்.

பி.கு.: பைத்தானை விட முடியாதவர்களுக்கு. லூப்புக்குள் லாம்டா எழுதினால், லூப் வேரியபிளை லாம்டாவின் அளவுருவாக வைத்து, அதே வேரியபிளை அதற்கு இயல்பு மதிப்பாகக் கொடுத்துவிடுங்கள். இயல்பு மதிப்பு லாம்டா உருவாகும் நேரத்திலேயே எடுத்துக்கொள்ளப்படும், சீட்டில் விலை எழுதிய மாதிரி. ஃபங்டூல்ஸில் இருக்கும் பார்ஷியல் என்பதையும் பயன்படுத்தலாம். முக்கியமாக, சோதிக்கும்போது பட்டியலின் கடைசி உறுப்பை வைத்துச் சோதிக்காதீர்கள்.